எயார் ரைபிளுக்குப் பொருத்தமான பெலட்டைக் கண்டுபிடித்த கதை: திருகோணமலை நிலாவெளியில் நீண்ட நாள் பாவனைக்குப் பிறகு

என்னிடம் இருப்பது 4.5 மில்லிமீற்றர் ஸ்பிரிங் எயார் ரைபிள். குழலை மடக்கி, ஒரு பெலட்டை (சிறிய ஈயக் குண்டு) வைத்து, மூடிச் சுடும் வகை. ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அமுக்க, அந்தக் காற்றுத்தான் பெலட்டை வெளியே தள்ளுகிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு வேகம் போகும்?" என்றுதான். இவ்வளவு காலம் பாவித்த பிறகு நான் சொல்வது, வேகத்தை விடுங்கள், உங்கள் குழலுக்கு எந்தப் பெலட் பிடிக்கிறது என்று தேடுங்கள். அதே ரைபிள், அதே கை, அதே காலை நேரம். பெலட்டை மட்டும் மாற்றியதில், 25 மீற்றரில் 70 மில்லிமீற்றர் அகலத்துக்குச் சிதறியது 20 மில்லிமீற்றருக்குள் வந்து நின்றது.

எங்கள் வளவுக்குப் பின்னால் இருக்கும் பெரியவர் தம்பலகாமத்தில் வயல் செய்த காலத்தில், அனுமதிப்பத்திரத்தோடு, குழல்வாய் வழியாக வெடிமருந்து அடைக்கிற துவக்கு வைத்திருந்தவர். நான் டின்களைப் பரப்பி வைத்துச் சுடுவதைப் பார்த்து, "தம்பி, நாங்கள் மருந்தைக் கூட்டிக் குறைச்சுப் பார்ப்பம். நீர் குண்டை மாத்திப் பார்க்கிறீர். வேலை ஒண்டுதான்" என்றார். உண்மைதான். ஸ்பிரிங் தரும் பலத்தை நாம் கூட்டவோ குறைக்கவோ முடியாது. பெலட்டின் எடை, வடிவம், தலையின் விட்டம், இந்த மூன்றும்தான் நம் கையில் இருக்கின்றன.

பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் வேகம் பெரும்பாலும் ஈயம் இல்லாத, மிக இலேசான பெலட்டை வைத்து எடுத்தது. அதை நம்பி இலேசானதையே வாங்கிப் போட்டால் இரண்டு வகையில் நட்டம். எங்கள் ஊர் வெயிலில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர். அதை நெருங்கும்போது இடுப்பு ஒடுங்கிய இந்தப் பெலட் காற்றில் தளம்பத் தொடங்கும். அதோடு, முன்னால் போதிய எடை இல்லாததால் பிஸ்டனுக்குக் காற்று மெத்தை கிடைக்காது. அது நேரே போய் முட்டும். ஸ்பிரிங்கும், காற்றுக் கசியாமல் தடுக்கும் சீலும் சீக்கிரம் தேயும்.

புது ரைபிள் முதலில் புகைக்கும், எரிந்த எண்ணெய் வாசமும் வரும். தொழிற்சாலையில் பூசிய கிரீஸ் அழுத்தத்தில் எரிவதுதான் காரணம். அது அடங்க இருநூறு முந்நூறு பெலட் போகலாம். அதுவரை ஒவ்வொரு சூடும் ஒவ்வொரு வேகத்தில் போகும். ஆகவே கடதாசியில் விழுவதை வைத்து எந்தத் தீர்ப்பும் எழுதக் கூடாது.

அப்புறம்தான் உண்மையான வேலை. தட்டைத் தலை, கூர்த் தலை, உருண்டைத் தலை என்று மூன்று வடிவத்தையும், 7 கிரெய்னிலிருந்து (0.45 கிராம்) 10.5 கிரெய்ன் (0.68 கிராம்) வரை கிடைத்த எடைகளையும் சுட்டுப் பார்த்தேன். தட்டைத் தலை 10 மீற்றரில் அருமை. கடதாசியில் அச்சு வைத்து வெட்டியதுபோல வட்டமான துளை விழும், புள்ளி எண்ணச் சுகம். 25 மீற்றருக்குப் போனதும் அது விரிந்துவிட்டது. கூர்த் தலை பார்க்க வீரமாக இருக்கும், ஆனால் என் குழலில் எந்தத் தூரத்திலும் ஒழுங்காக விழவில்லை. 10.5 கிரெய்ன் நெருக்கமாகத்தான் விழுந்தது, ஆனால் என் ஸ்பிரிங்குக்கு அது பாரம். மெதுவாகப் போய், தூரம் கூடக் கூட மிகவும் தாழ்ந்து விழுந்தது. கடைசியில் நிலைத்தது 8.44 கிரெய்ன் உருண்டைத் தலை, ஜேஎஸ்பி எக்ஸாக்ட் என்ற பெயரில் வரும் பெலட்.

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்தப் பெலட் 4.50, 4.51, 4.52 என்று வெவ்வேறு தலை அளவுகளில் வருகிறது. நூறில் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, பெருவிரலுக்குத் தெரியும். 4.50 என் குழலில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. 4.52 மெல்லிய ஓர் எதிர்ப்புக் காட்டி, அழுத்தியதும் சரியாக அமர்ந்தது. ஒரு பெலட்டைத் துப்புரவுக் கம்பியால் மெதுவாகத் தள்ளி மறுபக்கம் எடுத்து, பூதக்கண்ணாடியில் பாருங்கள். பாவாடைபோல் விரிந்த பின்பக்கத்தில் மட்டுமல்ல, தலையைச் சுற்றியும் குழலின் புரிகள் கீறிய கோடுகள் சமமாக விழுந்திருக்க வேண்டும். 4.52இல் அது முழு வட்டமாகத் தெரிந்தது. 4.50இன் தலையில் ஒரு பக்கம் கோடே இல்லை. டின்னைத் திறந்ததும் பின்விளிம்பு நசுங்கியவற்றைப் பொறுக்கித் தனியே வையுங்கள். பயணத்தில் உருண்டு நசுங்கியவை எவ்வளவு நல்ல தயாரிப்பானாலும் நேரே போகா.

பெலட் மாற்றியவுடன் சிதறலை அளக்காதீர்கள். குழலின் உட்பக்கத்தில் முந்திய பெலட்டின் ஈயப் பூச்சு இருக்கும். புதியதில் பத்து இருபது சுட்ட பிறகே கணக்கு. அந்தக் கணக்கும் பத்துச் சூட்டுக்கு எடுக்க வேண்டும். மூன்று சூடு ஒரே துளையில் விழுந்த படத்தைக் காட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. மூன்று விழுவது அதிர்ஷ்டத்திலும் நடக்கும், பத்து நடக்காது.

ஸ்பிரிங் ரைபிளை இறுக்கிப் பிடித்தால் எந்தப் பெலட்டும் உதவாது. பிஸ்டன் ஓடும்போது ரைபிள் பின்னால் உதைத்து, முட்டும்போது முன்னால் துள்ளும். பெலட் குழலை விட்டு வெளியேறுமுன்னே இந்த ஆட்டம் தொடங்கிவிடும். அதனால் இடது உள்ளங்கையை விரித்து, ரைபிளை அதன்மேல் சும்மா கிடக்க விடுங்கள். தோளில் தொட்டால் போதும். மண்மூட்டையில் நேரடியாக வைத்தால் குறி வேறிடம் போகும், மூட்டையில் கையை வைத்து, கையில் ரைபிளை வையுங்கள். குறிபார்க்க ரெலஸ்கோப் சைட் வாங்கினால் எயார் ரைபிளுக்கென்றே செய்ததை வாங்குங்கள். இந்த இருபக்க அதிர்வு சாதாரண சைட்டின் உள்பாகங்களைக் கழற்றிவிடும். மரப்பிடியின் திருகாணிகளும் தளரும். திடீரென்று சிதறல் கூடினால் பெலட்டைக் குற்றம் சொல்லுமுன் அவற்றை முடுக்கிப் பாருங்கள்.

எங்கள் பக்கம் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் பகலில் 25 மீற்றரில் பெலட் சோதிப்பது வீண். அரைக் கிராமைக் கொஞ்சம் தாண்டும் ஈயத்தைக் காற்று எங்கே வேண்டுமானாலும் தள்ளும். விடியற்காலையில், தென்னோலை அசையாமல் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் நம்பகமானது. கடற்கரை உப்பும் பெரிய எதிரி. சுட்டு முடித்ததும் குழலின் வெளிப்பக்கத்தை எண்ணெய்த் துணியால் துடைக்காமல் வைத்தால், கைரேகை பட்ட இடத்தில் துரு பூக்கும். பஞ்சு வைத்த உறைக்குள் நாள்கணக்கில் வைக்காதீர்கள், ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். பிஸ்டன் காற்றை அமுக்கும் அறைக்குள் சாதாரண எண்ணெய் விடவே கூடாது, அது வெடித்து எரியும்.

அயலவர்கள் "மாமரத்துக் குரங்குக்கு அடிக்கலாமே" என்று கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இந்தப் பெலட் குரங்கை உடனே கொல்லாது, உடம்புக்குள் கிடந்து புழுத்துச் சாக வைக்கும். நான் கடதாசிக்கு மட்டும்தான் சுடுகிறேன், அதுவும் உயரமாகக் குவித்த மணல்மேட்டை முதுகாக வைத்து. தவறிப் போகும் பெலட் சில நூறு மீற்றர் பறக்கும். தென்னங்குற்றியில் பட்டால் திரும்பியும் வரும், ஆகவே பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுடுவதில்லை. ஈயம் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் கை வைப்பதும் இல்லை. வாங்குமுன் அனுமதி விடயத்தைக் கச்சேரியிலும் (மாவட்டச் செயலகம்) பொலிஸ் நிலையத்திலும் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது 4.52ஐ மட்டுமே வாங்குகிறேன், முடிந்தவரை ஒரே தொகுதி இலக்கத்தில். அடுத்த டின் வேறு தொகுதியாக வந்தால், மறுபடி பத்துப் பத்தாகச் சுட்டு அளந்த பிறகே சைட்டைத் தொடுவேன்.