ஒரு மலையைப் பார்ப்பதற்கென்று ஓர் அறை: த்வெர்ஃபியெல்ஹித்தா

நார்வேயின் டோவ்ரெ மலைப்பகுதியில், யெர்கினுக்கு அருகே, கடல்மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் நிற்கும் த்வெர்ஃபியெல்ஹித்தா என்ற பார்வையிடக் குடில் 2011-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நார்வேயின் காட்டுப் பனிமான் மையத்துக்காக ஸ்னோஹெட்டா என்ற கட்டடக்கலை நிறுவனம் இதை வடிவமைத்தது. பரப்பு ஏறத்தாழ 90 சதுர மீட்டர். உள்ளே ஒரே அறை, ஒரு கணப்பு, நீண்ட கண்ணாடிச் சுவர், அதற்கப்பால் 2,286 மீட்டர் உயரமுள்ள ஸ்னோஹெட்டா மலை. அந்த நிறுவனம் தன் பெயரை இந்த மலையிடமிருந்துதான் பெற்றது. ஆண்டுக்கணக்கில் மலையின் பெயரைச் சுமந்தவர்கள் அதைப் பார்க்க ஓர் இருக்கை செய்திருக்கிறார்கள் என்பதே என்னை அங்கு அழைத்துச் சென்றது. நிலத்தோடு மனிதரைச் சேர்த்துவைக்கும் சிறு குடில்களில் நான் பார்த்தவற்றுள் இதையே முதலிடத்தில் வைப்பேன்.

குடிலின் வாசல்வரை வாகனம் போகாது. கீழே நிறுத்திவிட்டு, சுமார் ஒன்றரை கிலோமீட்டர் மேட்டுப் பாதையில் நடந்தாக வேண்டும். மரங்கள் வளராத உயரம் அது. குட்டையான புதர்களும் பாசியும் பாறையும் தவிரக் காற்றை மறிக்க எதுவும் இல்லை. இந்த நடையை வடிவமைப்பின் முதல் பகுதியாகவே கருத வேண்டும் என்பது என் எண்ணம். காற்றின் குளிரைக் கன்னத்திலும் காதிலும் வாங்கிக்கொண்டு வந்தவருக்குத்தான் உள்ளிருக்கும் கதகதப்பின் அளவு விளங்கும். வாகனத்திலிருந்து நேராக இறங்கி நுழைந்திருந்தால் அதே மலை ஒரு பெரிய புகைப்படமாகத்தான் தெரிந்திருக்கும்.

வெளியிலிருந்து பார்த்தால் கட்டடம் மிக எளிமையானது: பாறைமேட்டில் சாய்ந்தாற்போல் வைக்கப்பட்ட நீள்சதுர எஃகுச் சட்டகம். எஃகுக்கு வண்ணம் பூசவில்லை. இந்தப் பகுதியின் பாறையில் இரும்புச்சத்து உண்டு என்பதால், சட்டகத்தில் ஏறும் துரு அந்த நிலத்தின் நிறத்தையே எடுத்துக்கொள்கிறது. உண்மையான வேலைப்பாடு அந்தச் சட்டகத்துக்குள் இருக்கும் மரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் தடிமனுள்ள பைன் மர உத்தரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, காற்றும் நீரும் பனிக்கட்டியும் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தேய்த்த பாறையைப் போல அலையலையாகக் குடைந்திருக்கிறார்கள். வடிவம் முதலில் கணினியில் முப்பரிமாண மாதிரியாக உருவானது. பின்னர் ஹார்டாங்கர் கடற்கழிப் பகுதியின் கப்பல் கட்டுநர்கள் அந்த மாதிரியைப் பின்பற்றிக் குடையும் இயந்திரங்களைக் கொண்டு அதை மரத்தில் செதுக்கினார்கள். வளைந்த மரத்தோடு பழகிய கைகளிடம் இந்த வேலையை ஒப்படைத்தது சரியான முடிவு. உத்தரங்களை இணைக்க ஆணியோ திருகோ இல்லை, மர முளைகள் மட்டுமே. ஈரத்தில் மரம் உப்பும், வறட்சியில் சுருங்கும். முளையும் மரமாகவே இருப்பதால் அந்த அசைவில் அதுவும் பங்குகொள்ளும். வெளிப்புறத்துக்குப் பைன் தார் பூசியிருக்கிறார்கள். நார்வேயின் இடைக்கால மரத் தேவாலயங்களை இன்றுவரை காத்துவரும் பூச்சும் அதுதான்.

நான் அதிக நேரம் செலவிட்டது இந்த மரச் சுவரில்தான். சுவர் என்று சொன்னாலும் அதுவே இருக்கையும் சாய்மானமும் படியும் ஆகிறது. இப்படித்தான் உட்கார வேண்டும் என்று எந்த வளைவும் கட்டளையிடுவதில்லை. ஒரு குழிவில் குழந்தை சுருண்டு படுக்கலாம். மேல்தட்டில் ஒருவர் கால்களைத் தொங்கவிடலாம். முதுகு நோவுள்ளவர் தனக்கேற்ற சரிவைத் தேடிக்கொள்ளலாம். எப்படி அமர்ந்தாலும் முகம் மட்டும் மலையை நோக்கியே இருக்கும். பைன் மரத்தைவிட எஃகு வெப்பத்தைப் பல நூறு மடங்கு கடத்தும். ஆகவே உடல் தொடும் இடமெல்லாம் மரமாகவும், தொடாத இடம் எஃகாகவும் கண்ணாடியாகவும் அமைந்திருப்பதில் நல்ல அறிவு தெரிகிறது. பார்வைக்கான கட்டடங்களைத் திட்டமிடும் பலர் சன்னலிலிருந்து தொடங்குகிறார்கள். இங்கே முதுகிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். முதுகுக்கு இதமான இடம் கிடைத்தவர் ஐந்து நிமிடத்தில் எழுந்து போகமாட்டார். நிலமோ ஐந்து நிமிடத்தில் தன்னைக் காட்டிவிடுவதில்லை. மேகத்தின் நிழல் ஒரு சரிவிலிருந்து மறு சரிவுக்கு நகர்வதைக் காணவே அரை மணி நேரம் அமர்ந்திருக்க வேண்டும்.

கண்ணாடிச் சுவரைப் பற்றி எனக்கு ஒரு தயக்கம் உண்டு. முழு அகலத்துக்கும் திறந்த காட்சி முதல் பார்வையில் மூச்சை நிறுத்துகிறது. ஆனால் காற்றின் ஒலியையும் ஈர மண்ணின் மணத்தையும் அது சேர்த்தே தடுத்துவிடுகிறது. இதற்கு நேரெதிரான வழியை 1952-இல் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே தெற்குப் பிரான்சின் கடற்கரையில் தனக்கெனக் கட்டிக்கொண்ட குடிலில் காணலாம். பக்கத்துக்கு 3.66 மீட்டர், உயரம் 2.26 மீட்டர் என்ற அந்தச் சிறிய அறையில் சன்னல்களும் சிறியவை. கடல் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும், முழுதாக வேண்டுமென்றால் வெளியே இறங்க வேண்டும். நாள்தோறும் வாழும் இடத்துக்கு அந்தச் சிக்கனம் நல்லது என்று நம்புகிறேன். ஒரு முறை மட்டும் வந்து போகிறவருக்காகக் கட்டிய டோவ்ரெ குடிலுக்கு விரிந்த கண்ணாடி பொருந்துகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மேலும், கண்ணாடி எடுத்துக்கொண்டதைத் தெற்குப் பக்கம் திருப்பித் தருகிறது. உள்ளே இருக்கும் அதே குடைந்த மரம் வெளிப்புறத்திலும் தொடர்ந்து, கதவைத் திறக்காமலேயே அமரக்கூடிய ஒரு திண்ணையாகிறது. அதற்கு நம் மொழியில் இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. வெயிலை நோக்கிய அந்தத் திண்ணையில் தாரின் மணத்தோடும் காற்றின் ஒலியோடும் உட்கார்ந்திருந்த நேரமே எனக்கு மிகவும் பிடித்தது.

இந்தக் குடிலின் நன்மை மனிதரோடு முடியவில்லை. ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் காட்டுப் பனிமான் கூட்டங்களில் சில இந்த மேட்டில்தான் வாழ்கின்றன. மனித நடமாட்டத்தைக் கண்டால் அவை விலகிப் போய்விடும். பார்க்க வருகிறவர்கள் சரிவெங்கும் பரவாமல், வசதியான ஓரிடத்தில் ஒன்றுகூடி, தொலைநோக்கியில் தேடுவது அவற்றுக்குச் செய்யும் மரியாதை. நான் சென்ற நாளில் ஒரு மானும் கண்ணில் படவில்லை. அதை நான் குறையாகக் கருதவில்லை. அவை இருக்கும் நிலத்தை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டோவ்ரெ என்ற பெயர் நார்வேக்காரர்களுக்கு ஒரு மலையின் பெயரைவிடப் பெரியது. 1814-இல் அரசியல் சாசனத்தை எழுதியவர்கள் ‘டோவ்ரெ இடிந்து விழும்வரை ஒன்றாயிருப்போம்’ என்றே உறுதி எடுத்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கட்ட வாய்த்தவர்கள் ஒரு நினைவுச்சின்னத்தை எழுப்பாமல் ஓர் இருக்கையோடு நிறுத்திக்கொண்டதற்கு என் மனமார்ந்த பாராட்டு.

குடில் கோடைப் பருவத்தில் மட்டுமே திறந்திருக்கும், கட்டணம் இல்லை. காற்றைத் தாங்கும் மேலாடை வேண்டும், தொலைநோக்கி இருந்தால் நல்லது. இரண்டு மணி நேரமாவது ஒதுக்கிக்கொண்டு செல்லுங்கள். முதலில் உள்ளே கணப்பருகே அமர்ந்துவிட்டு, கிளம்புவதற்கு முன் கட்டாயம் தெற்குத் திண்ணையிலும் சற்று நேரம் உட்காருங்கள்.