கடை சர்வரை எங்கே வைப்பது? குமுளிப் பக்கத்து ஏலக்காய்க் கடைகளுக்கு ஓர் ஒப்பீடு

புத்தடியிலும் போடியிலும் ஏலக்காய் ஏலமே கம்ப்யூட்டர் வழியாக நடக்கிறது. நம் கடையின் கையிருப்பையும் ரகத்தையும் வடநாட்டு வியாபாரி நேரடியாகப் பார்க்கட்டும் என்று ஒரு சர்வர் (அந்தப் பட்டியலை இணையத்தில் காட்டும் கம்ப்யூட்டர்) வைக்க நினைப்பது நியாயம்தான். ஆனால் அதை எங்கே செருகுவது என்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன்: அந்த சர்வருக்குள் யாரோ புகுந்துவிட்டால், அங்கிருந்து டேலி (கணக்கு மென்பொருள்) ஓடும் கம்ப்யூட்டருக்குப் போக வழி இருக்கிறதா?

ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போடுவது, அதாவது வெளியிலிருந்து ஒரு போர்ட்டுக்கு (எண்ணிட்ட வாசல்) வருவதை உள்ளே சர்வருக்குத் திருப்பிவிடுவது, எல்லோரும் முதலில் செய்வது. செலவே இல்லை. ஆனால் சர்வர், டேலி, கேமரா எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் கிடக்கும். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது நினைவிருக்கும். ஓட்டை அடைக்காத ஒரு விண்டோஸ் மெஷினிலிருந்து அடுத்ததற்கு, 445-ம் போர்ட் வழியாக, யாரும் எதையும் கிளிக் செய்யாமலே அது தாவியது. ரிமோட் டெஸ்க்டாப்பின் (தொலைவிலிருந்து விண்டோஸ் கம்ப்யூட்டரை இயக்கும் வசதி) 3389-ம் போர்ட்டை வெளியே திறந்து வைப்பது இன்னும் மோசம். அதில் 2019-ல் வெளிவந்த புளூகீப் என்ற ஓட்டை வழியாகப் புகப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை.

சாதாரண ரௌட்டரில் டி.எம்.இசட் என்று ஒரு வசதி இருக்கும். அதை நம்பாதீர்கள். பெரும்பாலான ரௌட்டர்களில் அது செய்வது எல்லா போர்ட்டையும் ஒரே கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிடுவது மட்டும்தான். சர்வர் பழைய நெட்வொர்க்கிலேயே இருக்கும், திறப்பு மட்டும் பெரிதாகும்.

நிஜமான பிரிப்பு வேறு. மைக்ரோடிக் ரௌட்டரோ, பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் (எது எங்கே போகலாம் என்று விதி வைத்துத் தடுக்கும் காவல்) மென்பொருள் போட்ட பழைய கம்ப்யூட்டரோ போதும். சர்வரின் கேபிளுக்கு அதில் தனி சாக்கெட், அல்லது மேனேஜ்டு சுவிட்சில் தனி வி-லேன் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்). வெளியிலிருந்து சர்வருக்கு வெப்சைட்டுக்கான 443-ம் போர்ட் மட்டும். கடையிலிருந்து சர்வருக்குப் போகலாம். சர்வரிலிருந்து கடைக்குள் எதுவும் வரக்கூடாது. ஃபயர்வாலின் அட்மின் பக்கமும் சர்வருக்குத் திறக்கக்கூடாது. இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். கையிருப்புப் பட்டியலைக் கடைக் கம்ப்யூட்டர் கொண்டுபோய் சர்வரில் வைக்க வேண்டும். சர்வர் உள்ளே வந்து எடுக்கும்படி அமைத்தால் பிரித்ததற்கே அர்த்தம் இல்லை. இன்னொரு லாபம் லாக், அதாவது யார் எப்போது வந்தார் என்ற பதிவை இதில் சேமித்து வைக்கலாம். நிறுவனங்கள் 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும், தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு. வீட்டு ரௌட்டரை ஆஃப் செய்து போட்டால் பெரும்பாலும் லாக் போய்விடும்.

அப்புறம் டனல். உங்கள் ஃபைபர் லைனுக்கு 100.64-ல் தொடங்கும் முகவரி வந்திருந்தால், வெளியே தெரியும் முகவரி பலருக்கும் பொதுவானது என்று பொருள்; போர்ட் ஃபார்வர்டிங் வேலையே செய்யாது. கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் டனல் உங்கள் சர்வரிலிருந்து வெளியே அவர்கள் சர்வருக்குப் போய் இணைப்பதால் அங்கேயும் ஓடும், எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டாம். நல்ல வசதிதான். ஆனால் வருகிறவரை அது நேராக உங்கள் வெப்சைட்டிடம்தான் கொண்டுவிடுகிறது. வெப்சைட்டில் ஓட்டை இருந்தால், சர்வர் டேலியோடு ஒரே நெட்வொர்க்கில் இருந்தால், ஆபத்து அப்படியேதான் இருக்கும். டனல் போட்டாலும் வி-லேன் வேண்டும்.

கடைசியாக, மும்பையில் வாடகைக்கு ஒரு விபிஎஸ் (டேட்டா சென்டரில் நமக்கென்று ஒதுக்கிய சர்வர்). ஆடி மழையில் மரம் சாய்ந்து கரண்டும் லைனும் போனாலும் பட்டியல் தெரியும். கடைக்குள் யாரும் வர வழியில்லை. அப்டேட்டும் பாஸ்வேர்டும் உங்கள் பொறுப்புதான், அது எங்கே வைத்தாலும் உண்டு.

விலையும் இருப்பும் காட்டினால் போதும் என்றால் விபிஎஸ்தான் என் தேர்வு. கேமராவோ எடைமெஷினோ நேரலையாகத் தெரிய வேண்டும், சர்வர் கடையில்தான் இருந்தாக வேண்டும் என்றால் வி-லேனும் டனலும் சேர்த்துப் போடுங்கள். முடித்ததும் சர்வரில் உட்கார்ந்து டேலி கம்ப்யூட்டருக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள், அதன் ஷேர் ஃபோல்டரைத் திறந்தும் பாருங்கள். இரண்டில் ஒன்று கிடைத்தாலும் ஃபயர்வால் விதியில் தப்பு இருக்கிறது. விபிஎஸ் எடுத்தவர்கள், வசதிக்காக அங்கிருந்து கடை நெட்வொர்க் முழுவதற்கும் வழி விடும் விபிஎன் இணைப்பை மட்டும் போட்டுவிடாதீர்கள்.