அம்பாசிடருக்குப் பாயிண்ட்டா, எலக்ட்ரானிக் இக்னிஷனா? பதில் செல்ஃப் ஒயரிங்கில் இருக்கிறது

1489 சிசி பெட்ரோல் இன்ஜின் உள்ள பழைய அம்பாசிடர். செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை. "பாயிண்ட்டைக் கழட்டிப் போட்டுட்டு எலக்ட்ரானிக் மாட்டிடுங்க" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டை உண்டாக்குவது காயில்; அதில் ஓடும் மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்தான் பாயிண்ட். எலக்ட்ரானிக் இக்னிஷனில் அந்த வேலையை ஒரு மின்னணு மாடியூல் செய்யும். என் வண்டியில் பாயிண்ட்தான் இருக்கிறது, இனியும் அதுதான் இருக்கும். எனவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எலக்ட்ரானிக்கின் நல்லதை மறுக்க முடியாது. டிஸ்ட்ரிபியூட்டரின் (ஒவ்வொரு பிளக்குக்கும் ஸ்பார்க்கைப் பிரித்துத் தரும் பாகம்) மூடியான கேப்புக்குள் காந்த வளையமும், காந்தத்தை உணரும் ஒரு சின்ன ஹால் மாடியூலும் உட்காரும். உரசும் பாகம் இல்லாததால் பாயிண்ட்டில்போல இடைவெளி குறையாது, டைமிங் நகராது. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் புஷ் தேய்ந்து ஆட்டம் கொடுத்தால் பாயிண்ட் இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் மாறும். மாடியூலை அது அவ்வளவாகப் பாதிக்காது. தினமும் ஓடும் வண்டிக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் ரோட்டர், கேப், பிளக் ஒயர், அட்வான்ஸ் ஸ்பிரிங், காயில் எல்லாம் பழையதுதான். அவற்றில் உள்ள கோளாறை மாடியூல் சரிசெய்யாது.

பாயிண்ட்டுக்கு வேலை உண்டு. 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இடைவெளி பார்க்க வேண்டும். கேமில் துளி கிரீஸ் தடவ வேண்டும், பாயிண்ட் முகத்தைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் முடிகிற காரியம்.

இரண்டில் எதை எடுப்பது என்பதைத் தீர்மானிப்பது இந்தப் பதினைந்து நிமிடம் இல்லை. செல்ஃப் சுற்றும்போது காயிலுக்கு எத்தனை வோல்ட் போகிறது என்பதுதான். பாயிண்ட் மேல் விழும் பழியில் பெரும்பகுதி செல்ஃப் ஒயரிங்குக்குச் சேர வேண்டியது.

கணக்கைப் பாருங்கள். பேலஸ்ட் (காயிலுக்கு முன் சேர்க்கும் தடை) இல்லாத சாதாரண காயிலின் பிரைமரி சுமார் 3 ஓம். 12 வோல்ட் கிடைத்தால் 4 ஆம்பியர் ஓடும், 9 வோல்ட் கிடைத்தால் 3 ஆம்பியர். காயிலில் சேரும் சக்தி ஆம்பியரின் வர்க்கக் கணக்கில் குறைவதால், அந்த 3 வோல்ட் இழப்பில் ஸ்பார்க் ஏறக்குறைய பாதி பலத்துக்கு வந்துவிடும். செல்ஃப் மோட்டாரோ 150 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். அந்தப் பாதையில் எங்கோ 0.01 ஓம் துரு இருந்தால் போதும், ஒன்றரை வோல்ட் அங்கேயே கரைந்துவிடும்.

அது பெரும்பாலும் கரைவது எர்த்தில், அதாவது மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதையில். இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது, பாடியோடு அதை மின்சாரத்தால் சேர்ப்பது ஒரே ஒரு பின்னல் பட்டை. கிளட்ச் மாற்றும்போது கழட்டிய அந்தப் பட்டையைத் திரும்ப மாட்ட மறந்த வண்டிகள் ஏராளம். பட்டை இருந்தாலும் அதன் அடியில் பெயின்ட்டும் துருவும் இருக்கும். அப்போது செல்ஃப் கரண்ட் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாக வழி தேடும். செல்ஃப் அடித்து முடித்ததும் சோக் குமிழ் பக்கத்துக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வேறு சோதனையே வேண்டாம், எர்த் பட்டை போய்விட்டது. டிஸ்ட்ரிபியூட்டருக்கும் இன்ஜின் பிளாக்தான் எர்த் என்பதால், செல்ஃப் மெதுவாகச் சுற்றுவதும் ஸ்பார்க் பலமிழப்பதும் ஒரே காரணத்தால் சேர்ந்து வரும்.

மல்டிமீட்டர் இருந்தால் நான்கே அளவு. முதலில் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் நடுவுக்கு வரும் தடித்த ஒயரைக் கேப்பிலிருந்து பிடுங்கி, அதன் முனையைப் பிளாக்கில் நன்றாக எர்த் செய்துவிடுங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகாது, காயிலுக்கும் கெடுதல் இல்லை. நியூட்ரல் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பேட்டரியின் இரு முனைகளுக்கும் இடையே 9.6 வோல்ட்டுக்குக் குறைந்தால் பேட்டரியே பலவீனம், மேற்கொண்டு தேட வேண்டாம். அது சரி என்றால் பேட்டரியின் எர்த் முனைக்கும் செல்ஃப் மோட்டார் உடம்புக்கும் இடையே அளக்கவும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. அடுத்தது பேட்டரியின் மற்ற முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த டெர்மினலுக்கும் இடையே, அதே அரை வோல்ட்தான் வரம்பு. கடைசியாகக் காயிலுக்குச் சப்ளை வரும் டெர்மினலுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே. இங்கே பேட்டரி முனையில் பார்த்ததைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. மீட்டரின் எர்த் முனையைப் பேட்டரியில் வைத்து இந்தக் கடைசி அளவை எடுத்தால் எர்த் இழப்பு கண்ணில் படாமல் போய்விடும். பிளாக்கிலேயே வையுங்கள்.

எர்த் நன்றாக இருந்தும் காயிலில் வோல்ட் குறைந்தால் சப்ளை ஒயரைத் தேட வேண்டும். வழக்கமான லூகாஸ் (பிரிட்டிஷ் மின்பாக நிறுவனம்) ஒயரிங்கில் சோலினாய்டின் (செல்ஃபுக்கு மின்சாரம் விடும் பெரிய சுவிட்ச்) பேட்டரி டெர்மினலிலிருந்து பிரவுன் ஒயர் கட்-அவுட் (சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வழியாக இக்னிஷன் சுவிட்சுக்கு வரும்; அங்கிருந்து வெள்ளை ஒயர் காயிலுக்கு; காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வெள்ளையில் கறுப்புக் கோடு. சுவிட்சிலிருந்து சோலினாய்டுக்குப் போவது வெள்ளையில் சிவப்புக் கோடு. நம்மூரில் இரண்டு மூன்று கை மாறிய வண்டிகளில் இந்த நிறத்தை நம்ப முடியாது, டெஸ்ட் லாம்ப் வைத்தே உறுதி செய்யுங்கள். ரப்பர் குழாய்க்குள் இருக்கும் புல்லட் கனெக்டரை இழுத்துப் பாருங்கள். பித்தளையில் பச்சைப் பூசணம் இருந்தால் இழப்பு அங்கேதான். தேய்த்துப் போடுவதைவிட வெட்டிவிட்டுப் புதியது போடுவதே நல்லது.

ஒரு அடையாளம் அனுபவத்தில் மிகவும் உதவும்: செல்ஃப் சுற்றும்வரை பிடிக்காத வண்டி, சாவியை விட்ட அந்த நொடியில் பிடித்துக்கொள்ளும். செல்ஃப் நின்றதும் காயிலுக்கு முழு வோல்ட் திரும்புகிறது, இன்ஜினில் மிச்சமிருக்கும் சுற்று போதுமானதாகிறது. இதைக் கண்டால் பாயிண்ட்டைத் தொடாதீர்கள், எலக்ட்ரானிக்கும் வாங்காதீர்கள்.

செல்ஃப் "டிக்" என்று மட்டும் சத்தமிட்டால் பேட்டரி டெர்மினல் அல்லது சோலினாய்டின் உள் காண்டாக்ட். "விர்ர்" என்று தனியாகச் சுற்றினால், பழைய வகை செல்ஃபில் பெண்டிக்ஸ் (செல்ஃபை இன்ஜின் பற்சக்கரத்தோடு சேர்க்கும் பாகம்) சிக்கிக்கொண்டிருக்கிறது. மண்ணெண்ணெயில் கழுவி உலர விடுங்கள், ஆயில் போட்டால் தூசி ஒட்டி மறுபடியும் சிக்கும்.

இவ்வளவையும் சரிசெய்யாமல் எலக்ட்ரானிக் மாட்டினால் என்ன ஆகும்? வோல்ட் குறையும்போது பாயிண்ட் பலவீனமாகவாவது ஸ்பார்க் கொடுக்கும். மாடியூல் ஓர் அளவுக்குக் கீழே வேலையையே நிறுத்திவிடும். எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டால், எலக்ட்ரானிக் வேண்டும் என்று நினைத்த காரணமே பெரும்பாலான வண்டிகளில் காணாமல் போய்விடுகிறது.

வழியில் நின்றால் என்ன செய்வது என்பதிலும் பாயிண்ட்டுக்கே என் ஓட்டு. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் டெர்மினலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் பல்பை வைத்துச் செல்ஃப் அடியுங்கள். பல்பு அணைந்து அணைந்து எரிந்தால் பாயிண்ட் வேலை செய்கிறது. கேப், ரோட்டர், காயில் பக்கம் போங்கள். எரிந்தபடியே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை: அழுக்கு, அதிக இடைவெளி, அல்லது உள்ளே அறுந்த ஒயர். எரியவே இல்லை என்றால் காயிலுக்குச் சப்ளை இல்லை, அல்லது பாயிண்ட் பக்கம் எர்த்தில் உட்கார்ந்துவிட்டது. இரண்டு துண்டாக வரும் பாயிண்ட்டில் ஃபைபர் வாஷரைத் தப்பான வரிசையில் போட்டால் இது நடக்கும். பாயிண்ட் ஸ்பிரிங்கும் இரண்டு ஒயர் முனைகளும் இன்சுலேட்டருக்கு மேல்தான் உட்கார வேண்டும், நட்டோ போல்ட்டோ எர்த்தைத் தொடக் கூடாது.

ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மட்டும் இன்ஜின் வெட்டுகிறதா? பாயிண்ட் பிளேட்டுக்குப் போகும் மெல்லிய ஒயரைப் பாருங்கள். வேக்குவம் அட்வான்ஸ் (இன்ஜின் உறிஞ்சலால் டைமிங்கை மாற்றும் பாகம்) பிளேட்டைத் திருப்பும்போதெல்லாம் வளைந்து வளைந்து, மேலுறை முழுசாக இருக்க உள்ளே கம்பி அறுந்திருக்கும்.

மாடியூல் போனால் இப்படித் தேட ஒன்றுமில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் நிற்கும், மாற்று இருந்தால் ஓடும். பாயிண்ட் வாரக்கணக்கில் முரண்டு பிடித்து எச்சரித்துவிட்டே படுக்கும். அதோடு, பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் மாடியூல் அந்த நொடியே காலி. பழைய வண்டி பாசிட்டிவ் எர்த்தா நெகட்டிவ் எர்த்தா (பேட்டரியின் எந்த முனை பாடியோடு சேர்கிறது) என்று பார்த்துத்தான் வாங்கவே வேண்டும்.

பாயிண்ட்டில் எனக்கு உள்ள ஒரே கவலை, பாயிண்ட் திறக்கும்போது அதில் பொறி எழாமல் தடுக்கும் கண்டென்சர். இப்போது கிடைப்பவற்றில் தரம் ஒரே மாதிரி இல்லை. பாயிண்ட் முகம் சீக்கிரம் கருகினால், ஸ்பார்க் மஞ்சளாகத் தெரிந்தால், முதலில் அதை மாற்றிப் பாருங்கள். ஓட்டிப் பார்த்து நல்லது என்று தெரிந்த ஒன்றைக் கழட்டி டிக்கியில் வைத்திருப்பது, புதிதாக வாங்கி வைப்பதைவிட நம்பகம்.

டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் பக்கவாட்டில் கையால் ஆட்டினாலே தெரியும்படி தேய்ந்து, புஷ் போட ஆளும் கிடைக்கவில்லை என்றால் எலக்ட்ரானிக்குக்குப் போவதில் நியாயம் இருக்கிறது. தினம் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கும் என் கணக்கு மாறலாம். என் அனுபவம் வாரத்துக்கு ஓரிரு நாள் எடுக்கும் வண்டியோடு நிற்கிறது. மாட்டுவதென்றால் எர்த் பட்டையை முதலில் மாற்றுங்கள். செம்புக்கம்பி பிளக் ஒயரை எடுத்துவிட்டுக் கார்பன் ஒயர் போடுங்கள், இல்லையென்றால் மாடியூல் குழம்பும். இன்ஜின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டு வைக்காதீர்கள். கழட்டிய பாயிண்ட் பிளேட்டைக் கண்டென்சரோடு ஒரு டப்பாவில் போட்டு, ஃபீலர் கேஜையும் சேர்த்து டிக்கியில் வையுங்கள்.