முதலில் கழுவுவதா, கடைசியில் கழுவுவதா, கழுவாமலே விடுவதா?

ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு (செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு வகை பார்க்கும் முறை) ரத்தத்தை ஸ்டெயின் பண்ண மூன்று வழி உண்டு. ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடி போட்டு, சிவப்பணுவை உடைத்து, கழுவாமல் அப்படியே மெஷினில் வைப்பது ஒன்று. அதையே செய்து கடைசியில் கழுவுவது இரண்டாவது. முதலில் உடைத்து, கழுவிவிட்டு, பிறகு ஆன்டிபாடி போடுவது மூன்றாவது. எது நல்லது என்று லேபுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்டால், எதைத் தேடுகிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

சிடி4 (எச்.ஐ.வி. நோயாளிகளுக்குப் பார்க்கும் ஒரு வகை வெள்ளையணு) எண்ணிக்கையா? கழுவவே கூடாது. எண்ணிக்கை தெரிந்த மணிகள் உள்ள டியூபில் 50 மைக்ரோலிட்டர் ரத்தம் விடுகிறோம்; மணியோடு ஒப்பிட்டுத்தான் செல்லை எண்ணுகிறோம். சென்ட்ரிஃபியூஜில் சுற்றிக் கொட்டினால் செல்லும் போகும், மணியும் போகும். ஆனால் இரண்டும் ஒரே விகிதத்தில் போகாது. கணக்கு அதோடு சரி.

சாதாரண லுக்கீமியா பேனலுக்கு இரண்டாவது வழியே போதும். பின்னணி சுத்தமாக இருக்கும்.

பி செல்மேல் காப்பா, லாம்டா (ஆன்டிபாடிப் புரதத்தின் இரண்டு வகைத் துண்டுகள்) பார்க்க வேண்டுமென்றால் மூன்றாவதுதான்; இதில் எனக்குச் சமரசம் கிடையாது. டெசிலிட்டர் சீரத்தில் 700 முதல் 1600 மில்லிகிராம் ஐஜிஜி (உடம்பின் சொந்த ஆன்டிபாடி) மிதக்கிறது; அதிலும் இதே காப்பா, லாம்டா உண்டு. கழுவாத ரத்தத்தில் நாம் விடும் ஆன்டிபாடி முழுக்க அதிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். பி செல்லுக்கு எதுவும் மிஞ்சாது. அம்மோனியம் குளோரைடில் உடைத்து, 37 டிகிரியில் சூடாக்கிய பிபிஎஸ்ஸில் (உப்புக் கரைசல்) இரண்டு மூன்று தடவை கழுவினால், செல்மேல் சும்மா ஒட்டியிருக்கும் ஐஜிஜியும் கழன்றுவிடும். கொட்டியதும் டியூபை விரலால் சுண்டி, அடியில் படிந்த செல் கட்டியை (பெல்லட்) கலைத்துவிட வேண்டும். கட்டியாக விட்டால் நடுவில் உள்ள செல்லுக்கு ஆன்டிபாடி எட்டாது. ஃபார்மால்டிஹைடு கலந்த லைசிங் சொல்யூஷனை இங்கே முதலில் தொடாதீர்கள். சில ஆன்டிஜென்களின் உருவமே மாறிவிடும்.

அறை வெப்பநிலை என்று கிட்டில் போட்டிருப்பது 20–25 டிகிரி. கத்திரி வெயிலில் வேலூரில் ஏசி நின்றால் அது 30-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் உயிருள்ள செல் ஆன்டிபாடியை ஓரிடத்தில் குவித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். மூன்றாவது வழியில் போகிறவர்கள் 4 டிகிரியில், இருட்டில், அரை மணி நேரம் வைப்பதே மேல்.

வழியை மாற்றினால் ஆன்டிபாடி அளவையும் புதிதாகப் பார்க்க வேண்டும். பாதி பாதியாகக் குறைத்து ஏழெட்டு டியூப் போடுங்கள். எது அதிகம் பிரகாசிக்கிறது என்று பார்த்து எடுக்காதீர்கள். நெகட்டிவ் கூட்டம் (ஆன்டிபாடி ஒட்டாத செல்கள்) குறுகி, பாசிட்டிவ் கூட்டம் அதைவிட்டு அதிகம் விலகி நிற்கும் டியூபை எடுங்கள். பல சமயம் அது கம்பெனி சொன்ன அளவைவிடக் குறைவாகவே இருக்கும்.