போரோபுதூர்: யோக்யகர்த்தாவில் தங்குவதா, கோயிலடிக் கிராமத்திலா?

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் உள்ள பழைய பௌத்தக் கோயில் போரோபுதூர். யோக்யகர்த்தா நகரத்திலிருந்து சுமார் 40 கி.மீ. நகரத்தில் அறையெடுத்தால் சாப்பாடு, கடைவீதி எல்லாம் கைக்கெட்டும் தூரம். கிழக்கே பிரம்பனான் இந்துக் கோயில்களையும் பார்த்துவிடலாம். ஆனால் காலைப்பொழுதில் பாதி காரிலேயே போய்விடும்.

கிராமத்தில் இரவானால் பொழுதுபோக்கு ஒன்றும் கிடையாது. இருந்தும் என் ஓட்டு அதற்குத்தான். விடியுமுன் செதும்பு குன்றில் ஏறி நின்றால், பனிமூட்டத்துக்கு மேல் தூபியின் நுனி மட்டும் கறுப்பாக எட்டிப்பார்க்கும். மெண்டுட், பாவோன் கோயில்களுக்கு சைக்கிளே போதும். களைப்பில்லாமல் போனால்தான் 2,672 புடைப்புச் சிற்பங்களில் கொஞ்சமாவது மனதில் நிற்கும். அவற்றில், பக்க மிதவையோடு அலையில் போகும் பாய்மரக் கப்பல் சிற்பத்தை விட்டுவிடாதீர்கள்.

எங்கே தங்கினாலும் கோயிலின் மேலே ஏறத் தனி டிக்கெட். ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, முன்பதிவு செய்துவிடுங்கள். அவர்கள் தரும் பின்னல் செருப்போடுதான் ஏற வேண்டும்.