ஹாட் டிஸ்க் இல்லாத கணினிகள்: கிளிநொச்சியில் சில மாரிகளுக்குப் பிறகு

எங்கள் கணினி நிலையத்தில் மாணவர்கள் இருந்து படிக்கும் எந்தக் கணினியிலும் ஹாட் டிஸ்க் கிடையாது. சுவிட்சைப் போட்டதும் ஒவ்வொன்றும் கேபிள் வழியாக மூலையில் இருக்கும் சேர்வர் என்ற பொதுக் கணினியைத் தேடிப்போய், லினக்ஸ் இயங்குதளத்தை அங்கிருந்தே எடுத்துக்கொண்டு எழும்பும். எல்.டி.எஸ்.பி. (LTSP) என்ற இலவச மென்பொருள்தான் இதைச் செய்கிறது. 2019இல் அதை முழுக்கப் புதிதாக எழுதினார்கள். நாங்கள் பாவிப்பது அந்தப் புதிய வடிவம்.

வன்னியில் இதற்கு மாறியது நல்லது என்று 2022இல்தான் முழுசாக விளங்கியது. அந்த மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. கரண்ட் போய்ப் போய் வந்ததில், வகுப்பு நடத்தும் நண்பர்கள் சிலர் விண்டோஸ் எழும்பவில்லை, டிஸ்க் போய்விட்டது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்கு அலைந்தார்கள். எங்கள் மாணவர் கணினிகளில் பழுதாகப் போக டிஸ்க்கே இல்லை. சேர்வர் தருவது வாசிக்க மட்டுமே முடிகிற ஒரு இமேஜ், அதாவது மென்பொருட்களோடு சேர்த்து லினக்ஸ் முழுவதும் அடங்கிய ஒரே கோப்பு. அதன்மேல் நடக்கும் மாற்றமெல்லாம் அந்தந்தக் கணினியின் ரேமில்தான் எழுதப்படுகிறது, நிறுத்தினால் போய்விடும். பிள்ளைகளின் கோப்புகள் மட்டும் சேர்வரில் அவரவர் கணக்கில் சேரும். அதனால் நேற்று வாசலோரக் கணினியில் தட்டிய கட்டுரையை இன்று எந்த மேசையில் இருந்தும் தொடரலாம்.

பராமரிப்பில் மிச்சமாகும் நேரம் இன்னும் பெரிய விஷயம். பாமினி எழுத்துரு வேண்டும் என்று கேட்டார்கள். சேர்வரில் ஒருமுறை நிறுவி, இமேஜைத் திரும்ப உருவாக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். அடுத்த முறை எழும்பியபோது எல்லாக் கணினியிலும் எழுத்துரு இருந்தது.

சரி, கவனிக்க வேண்டியவை. முதலாவது நெட்வேர்க் சுவிட்ச், அதாவது எல்லாக் கணினிகளின் கேபிளையும் சேர்வரோடு இணைக்கும் பெட்டி. காலையில் எல்லாக் கணினியையும் ஒன்றாகப் போட்டால் அத்தனை பேருக்கும் சேர்வரின் ஒரே போர்ட் வழியாகத்தான் தரவு போக வேண்டும். 100 மெகாபிட் என்றால் நொடிக்கு 12 மெகாபைட் அளவுதான், அதையும் எல்லாரும் பங்கிட வேண்டும். பிள்ளைகள் திரையைப் பார்த்தபடியே இருப்பார்கள். அதைவிடப் பத்து மடங்கு வேகமான கிகாபிட் சுவிட்சும் சேர்வருக்கு எஸ்.எஸ்.டி. என்ற வேகமான டிஸ்க்கும் போட்ட பிறகு அந்தக் காத்திருப்பு இல்லை. இந்த இரண்டிலும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

இரண்டாவது இடி. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே பின்னேர இடி சும்மா விடாது. பக்கத்துக் கட்டடத்துக்கு வெளியால் இழுத்திருந்த செம்புக் கேபிள் வழியாக ஒருமுறை மின்னல் வந்து சுவிட்சின் போர்ட்டுகளைக் கருக்கிவிட்டது. இப்போது கட்டடங்களுக்கு இடையில் மின்சாரம் கடத்தாத ஃபைபர் கேபிள்தான். சேர்வரும் சுவிட்சும் ஒரே யூ.பி.எஸ்.ஸில் இருக்கின்றன, மாணவர் கணினிகளுக்கு அது தேவையில்லை.

எங்கள் இணையம் 4ஜி ரூட்டரில் வருகிறது, அதன் டி.எச்.சி.பி.யை, அதாவது கணினிகளுக்கு ஐ.பி. முகவரி கொடுக்கும் வசதியை, விருப்பம்போல் மாற்ற முடியாது. நல்லவேளை, சேர்வரில் ஓடும் டி.என்.எஸ்.மாஸ்க் (dnsmasq) என்ற மென்பொருள் ரூட்டரைத் தொடாமல் ஐ.பி. முகவரி கொடுப்பதை அதனிடமே விட்டு, எங்கிருந்து எழும்புவது என்பதை மட்டும் கணினிகளுக்குச் சொல்கிறது. ரூட்டரை மாற்றத் தேவையே வரவில்லை.

முதலில் பாவித்த லினக்ஸ் வகையான உபுண்டு 22.04இல் ஃபயர்ஃபொக்ஸ் உலாவி, ஸ்னாப் என்ற தனி வகைப் பொதியாக வந்தது. பிள்ளைகளின் கோப்புகள் சேர்வரில் இருக்கும் ஹோம் ஃபோல்டரோடு அது முரண்டு பிடித்ததால் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகைக்கு மாறினோம், அதற்குப் பிறகு தொல்லை இல்லை. ரேம் 4 ஜி.பி.யாவது இருக்கட்டும், 2 ஜி.பி. கணினியில் நாலைந்து டேப் திறந்தாலே மூச்சு வாங்குகிறது.

சாதாரண தரத்துப் பாஸ்கலுக்கும் உயர்தரத்துப் பைதனுக்கும் லிப்ரே ஆபிஸுக்கும் இந்த அமைப்புத் தாராளம். ஃபோட்டோஷாப் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு மட்டும் இது சரிவராது. அவர்களுக்காக டிஸ்க்கோடு விண்டோஸ் கணினி ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறோம், அதற்கு ஒரு சின்ன யூ.பி.எஸ்.ஸும் உண்டு.