எழுதியவர் பெயரைத் தேடினால்: ஓர் ஓடிடி செயலியின் மதிப்புரை

ஓராண்டாகச் சந்தா செலுத்திப் பயன்படுத்தி வரும் ஒரு திரைப்படச் செயலியைப் பற்றி இங்கே எழுதுகிறேன். படத்தின் தெளிவு, ஒலித்தரம், இணைய வேகம் குறையும்போது அது சமாளித்துக்கொள்ளும் விதம் ஆகியவற்றில் எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. இந்த மதிப்புரைக்கு நான் எடுத்துக்கொண்டது வேறொரு கேள்வி. ஒரு படத்தை உருவாக்கியவர்கள் யார் என்று கேட்டால் இந்தச் செயலி யாரைக் காட்டுகிறது, அதில் நடிகருக்கு எவ்வளவு இடம், எழுத்தாளருக்கும் இயக்குநருக்கும் எவ்வளவு இடம் என்பதைத்தான் நான் கவனித்து வந்தேன்.

முகப்பைத் திறந்தால் முகங்கள்தான் தெரிகின்றன. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சிறு சுவரொட்டி இருக்கிறது. அதில் ஒரு நடிகரின் முகம் கழுத்தளவுக்கு வெட்டப்பட்டுக் கட்டம் முழுவதையும் நிறைத்திருக்கிறது. பார்ப்பவரின் விருப்பத்துக்கு ஏற்ப அந்த முகம் மாறுகிறது என்பதைச் சில வாரங்கள் கழித்தே உணர்ந்தேன். ஒரு நகைச்சுவை நடிகரின் படங்களை நான் தொடர்ந்து பார்த்ததன் விளைவாக, அவர் இரண்டே காட்சிகளில் வந்துபோகும் ஒரு துயரக் கதையின் சுவரொட்டியிலும் அவரே சிரித்துக்கொண்டு நின்றார். இதை நடிகருக்குக் கிடைத்த பெருமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய நடிப்பை அங்கே யாரும் மதிக்கவில்லை. முகத்தைத் தூண்டிலில் கோத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முகத்துக்கு இப்படி ஓர் ஈர்ப்பு இருப்பது செயலியின் குற்றமன்று. திரைப்படத்தின் தொடக்க ஆண்டுகளில் அமெரிக்க நிறுவனங்கள் பல, நடிகர்களின் பெயரைத் திரையில் காட்டாமலே இருந்தன. ஆயினும் பார்வையாளர்கள் முகத்தை அடையாளம் கண்டுகொண்டார்கள். நடிகை ஃபிளாரன்ஸ் லாரன்ஸின் பெயர் தெரியாத ரசிகர்கள் அவரை அவர் நடித்த நிறுவனத்தின் பெயராலேயே ‘பயோகிராஃப் பெண்’ என்று அழைத்தார்கள். தம் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்த அவருடைய பெயரை 1910-இல் தயாரிப்பாளர் கார்ல் லெம்லி பரபரப்பாக விளம்பரப்படுத்திய பிறகு, முகத்துக்குப் பின்னால் இருக்கும் பெயரும் விலைபோகும் என்பது தொழிலுக்கே புரிந்துபோயிற்று. ஆகவே நடிகரின் முகத்தைப் பெரிதாகப் போட்டதற்காக நான் இந்தச் செயலிக்கு மதிப்பெண் குறைக்கப் போவதில்லை. குறைப்பது, மற்றவர்களின் பெயர்களை அது கையாளும் முறைக்காக.

ஒரு படத்தின் விவரப் பக்கத்துக்குப் போனால், கதைச்சுருக்கத்தின் கீழே மூன்று நடிகர்களின் பெயர்களும் ‘மேலும்’ என்ற பொத்தானும் இருக்கின்றன. அதை அழுத்தினால் இயக்குநரின் பெயர் கிடைக்கிறது. எழுத்தாளரின் பெயர் அதற்கும் கீழே, வயது வரம்பு எச்சரிக்கைக்கு மேலே, ‘எழுத்து’ என்ற ஒற்றைத் தலைப்பின்கீழ் இருக்கிறது. கதை, திரைக்கதை, வசனம் என்று நாம் மூன்றாகப் பிரித்து டைட்டில் கார்டில் போடுகிற வேலைகள் எல்லாம் இந்த ஒரு சொல்லுக்குள் அடைக்கப்பட்டிருக்கின்றன. அயல்மொழிப் படங்களில் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் விதிப்படி, இரண்டு பெயர்களுக்கு நடுவே ‘அண்ட்’ என்ற சொல் எழுத்தில் வந்தால் இருவரும் தனித்தனியே எழுதியவர்கள், பெரும்பாலும் ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தி எழுதியவர். அதே சொல்லின் குறியீட்டு வடிவம் (&) வந்தால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதியவர்கள். படத்தின் டைட்டிலில் கவனமாகக் காக்கப்பட்டிருக்கும் இந்த வேறுபாட்டைச் செயலி ஒரு காற்புள்ளியால் அழித்துவிடுகிறது.

ஒரு வரிக்காக இவ்வளவு கவலைப்பட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்கத் திரைக்கதையாளர் டால்டன் ட்ரம்போவை நினைவூட்டலாம். கம்யூனிஸ்டுகள் என்று ஹாலிவுட் வேலை தர மறுத்தவர்களின் கறுப்புப் பட்டியலில் இருந்ததால் 1953-இல் வந்த ‘ரோமன் ஹாலிடே’ படத்தில் அவருடைய பெயர் இடம்பெறவில்லை. நண்பர் இயன் மெக்லெலன் ஹன்டரின் பெயர் போடப்பட்டது, கதைக்கான ஆஸ்கரும் அந்தப் பெயருக்கே போயிற்று. எழுத்தாளர் சங்கம் அந்தப் படத்தில் ட்ரம்போவின் பெயரை முறையாகச் சேர்த்தது 2011-இல். அதற்கு 35 ஆண்டுகள் முன்பே அவர் இறந்துவிட்டார். இது ஏதோ பழங்கதை என்றும் ஒதுக்கிவிட முடியாது. 2023 மே மாதத்தில் மேக்ஸ் என்னும் ஓடிடி சேவை புதிய வடிவில் வந்தபோது எழுத்தாளர், இயக்குநர், தயாரிப்பாளர் அனைவரையும் ‘படைப்பாளர்கள்’ என்ற ஒரே தலைப்பில் கலந்து போட்டது. அமெரிக்க எழுத்தாளர்கள் அப்போது வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். இயக்குநர் சங்கமும் எழுத்தாளர் சங்கமும் சேர்ந்து கண்டித்த பின் அந்நிறுவனம் திருத்திக்கொள்வதாக ஒப்புக்கொண்டது. நான் பயன்படுத்தும் செயலிக்கு அப்படிக் கண்டிக்க யாரும் கிடைக்கவில்லை போலும்.

தேடல் வசதியைத்தான் நான் அதிக நேரம் சோதித்தேன். நடிகரின் பெயரில் பாதியைத் தட்டினாலே அவருடைய படங்கள் வரிசையாக வந்துவிடுகின்றன. எழுத்துப்பிழை இருந்தாலும் செயலி பெருந்தன்மையுடன் புரிந்துகொள்கிறது. இயக்குநர் பெயருக்கு விளைவு அரைகுறை. எழுத்தாளர் பெயர்களில் ஏழெட்டைத் தேடிப் பார்த்தேன். இயக்கவும் செய்தவர்களைத் தவிர மற்றவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் ‘இவையும் உங்களுக்குப் பிடிக்கலாம்’ என்ற வேறு பட்டியல். ஒருவரின் பெயர் மூன்று படங்களில் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் இருந்ததால், செயலியின் கணக்கில் அவர் மூன்று மனிதர்கள். ஒரு நடிகரின் பெயர் இப்படிச் சிதறியிருந்தால் மறுநாளே சரிசெய்திருப்பார்கள். ஒரு படத்தின் வசனம் பிடித்துப்போய், அதே கை எழுதிய இன்னொரு படத்தைப் பார்க்க விரும்பும் பார்வையாளர் ஒருவர் இருக்கக்கூடும் என்பதை இந்தச் செயலியை வடிவமைத்தவர்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை.

அப்படியானால் யாருக்குப் பெருமை அதிகம் சேர வேண்டும் என்பதில் நான் எந்தப் பக்கம்? 1952-இல் வெளிவந்த ‘பராசக்தி’யை எடுத்துக்கொள்கிறேன். நீதிமன்றக் காட்சியில் குணசேகரன் பேசும்போது நம்மைப் பிடித்து நிறுத்துவது மு. கருணாநிதியின் சொல்லா, சிவாஜி கணேசனின் குரலா என்று பிரித்துப் பார்க்க முயன்று நான் தோற்றிருக்கிறேன். நடிகருக்கு அது முதல் படம். அந்த வசனம் கிடைக்காமல் இருந்திருந்தால் முதல் படத்திலேயே அவர் அப்படி எழுந்திருப்பாரா என்று கேட்கலாம். அந்த வாய் கிடைக்காமல் இருந்திருந்தால் அந்த வசனம் இத்தனை காலம் மனப்பாடமாக நின்றிருக்குமா என்றும் கேட்கலாம். ஆனால் அதை மனப்பாடமாகச் சொல்பவர்களில் எத்தனை பேர் இயக்கியவர்கள் கிருஷ்ணன்–பஞ்சு என்று சொல்வார்கள், மூலக்கதை பாவலர் பாலசுந்தரத்தின் நாடகம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? காட்சி ஓடிக்கொண்டிருக்கும் வரை நடிகருக்கே முதலிடம் என்பதை நான் மறுக்க மாட்டேன். அது அவருடைய உடலும் மூச்சும் நிகழ்த்துவது. காட்சி முடிந்து, இப்படி ஒரு காட்சி எப்படி வந்தது என்று கேட்கத் தொடங்கினால் எழுதியவருக்கே முதலிடம் என்பது என் முடிவு. இயக்குநரைப் பொறுத்தவரை அவருக்காக வாதாடக் குறைவில்லாமல் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். 1954-இல், பின்னாளில் இயக்குநரான பிரெஞ்சு விமர்சகர் பிரான்சுவா த்ரூஃபோ எழுதிய புகழ்பெற்ற கட்டுரை அன்றைய பிரெஞ்சுத் திரைக்கதையாளர்களைத் தாக்கித்தான் இயக்குநரை உயர்த்தியது. அந்த வெற்றிக்கான விலையைத் திரைக்கதையாளர்கள் இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

செயலியின் மிகப் பெரிய குறை படம் முடியும் இடத்தில் இருக்கிறது. எண்டு டைட்டில் தொடங்கிய சில நொடிகளில் திரை சுருங்கி ஒரு மூலைக்குப் போய்விடுகிறது. மீதி இடம் முழுவதையும் அடுத்த படத்தின் முன்னோட்டம் உரத்த குரலில் பிடித்துக்கொள்கிறது. ‘பெயர்களைப் பார்’ என்ற பொத்தான் ஐந்து நொடிகள் மட்டுமே இருக்கிறது. இதனால் நடிகருக்கு இழப்பில்லை என்று எண்ணுவது தவறு. சிறு வேடங்களில் வந்தவர்களின் பெயர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அதைவிட முக்கியமானது மொழிமாற்றுப் படங்களின் நிலை. அயல்மொழி நடிகர் ஒருவரைத் தமிழில் கேட்டு நாம் நெகிழும்போது அந்த நெகிழ்ச்சியில் பாதியாவது பின்னணிக் குரல் கொடுத்தவருக்கு உரியது. அவருடைய பெயரும், தமிழ் வசனத்தை உதட்டசைவுக்குப் பொருந்த எழுதியவரின் பெயரும் பட்டியலின் கடைசியில், இசையும் ஓய்ந்த பிறகு சில அட்டைகளில் வருகின்றன. செயலி நம்மை வெளியேற்றிவிடுவது அதற்கு வெகுமுன்னரே. முகப்பில் அந்த நடிகரின் முகத்தை அத்தனை பெரிதாகப் போட்டவர்கள், நாம் கேட்ட குரல் யாருடையது என்று ஓரிடத்திலும் சொல்வதில்லை.

நியாயமாகப் பாராட்ட வேண்டிய ஒரு வசதியும் உண்டு. படத்தை நிறுத்தினால் அந்தக் காட்சியில் இருக்கும் நடிகர்களின் பெயர்கள் ஓரத்தில் தோன்றுகின்றன. கூட்டத்தில் ஒரு வரி பேசிவிட்டுப் போன முதியவரின் பெயரை இதன்மூலம் அறிந்து, அவருடைய வேறு இரண்டு படங்களையும் தேடிப் பார்த்தேன். நடிகருக்கு உண்மையான மரியாதை செய்யும் இடம் இந்தச் செயலியில் சுவரொட்டி அன்று, இந்தச் சிறு பட்டியல்தான். இதே ஓரத்தில் வசனகர்த்தாவுக்கு ஒரு வரி ஒதுக்குவது தொழில்நுட்பத்தில் அப்படியொன்றும் கடினமாக இருக்க முடியாது.

இவற்றையெல்லாம் குறிப்பிட்டு வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். இரண்டு நாளில் பணிவான பதில் வந்தது: என் கருத்துக்கு நன்றி என்றும், உரிய குழுவுக்கு அனுப்பப்பட்டது என்றும் இருந்தது, கீழே ஒரு முன்னணி நடிகரின் முகத்துடன் அவருடைய புதிய படத்துக்கான இணைப்பும் இருந்தது. ஐந்து நட்சத்திரங்களில் படத் தொகுப்புக்காக நான்கும், பெயர்களைக் கையாளும் முறைக்காக ஒன்றரையும் தருகிறேன். தொகுப்பு நன்றாக இருப்பதால் சந்தாவைப் புதுப்பிக்கத்தான் போகிறேன். படம் முடியப் போகிறது என்று தோன்றினால் இப்போதெல்லாம் ரிமோட்டை முன்கூட்டியே கையில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். ஐந்து நொடிக்குள் அந்தப் பொத்தானை அழுத்தப் பழகிவிட்டது.